ஜெயித்தால் போதுமா, எப்படி ஜெயித்தோம் என்பதும் முக்கியமா? (கல்லூரி ஃபுட்பால்)

அயோவா சுந்தர்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிற நம்மாட்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன். உங்கள் அணி ஜெயித்தாலே போதுமா, இல்லை எப்படி ஜெயித்தது என்பதும் உங்களுக்கு முக்கியமா?

கேட்கக் காரணம் எங்கள் அயோவாதான். 2022 செப்டம்பர் 3, கின்னிக் ஸ்டேடியம், எதிரில் சவுத் டகோட்டா ஸ்டேட். 7-3 என்று ஜெயித்தோம். ஏழு பாயிண்ட் என்றதும் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது), அதற்கு மேல் ஒரு கிக் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற ஒரு ஃபீல்டு கோலுக்கு 3. எதிரணியை அவர்களுடைய எண்ட் ஸோனுக்குள்ளேயே (கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதி) இரண்டு முறை மடக்கியதற்கு இரண்டிரண்டாக 4. ஆட்டம் முழுக்க ஒரு டச்டவுன் கிடையாது. சொந்த ஊர்க்காரர்களே எங்கள் அஃபென்ஸை (பந்தோடு தாக்கி ஆடும் பிரிவை)ப் பார்த்து ஊளையிட்டார்கள். இத்தனைக்கும் அந்த சவுத் டகோட்டா ஸ்டேட் அதன்பிறகு ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தன் பிரிவில் தேசியப் பட்டமே வாங்கியது. லேசான எதிரணி இல்லை.

அடுத்த வருடம் இன்னும் மோசம். அஃபென்ஸ் கோச் பிரையன் ஃபெரென்ட்ஸ், தலைமைக் கோச் கர்க் ஃபெரென்ட்ஸின் மகன். ஆட்டத்துக்குச் சராசரி 25 பாயிண்ட் வரவேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். டிஃபென்ஸ் எடுக்கிற பாயிண்டும் அதில் சேர்த்தி. அப்படியும் சராசரி 15-ஐத் தாண்டிக் கொஞ்சம்தான் வந்தது. பந்தோடு முன்னேறிய மொத்த யார்டில் நாட்டிலேயே கடைசி இடம். ஆனால் அந்த அணி 10 ஆட்டம் ஜெயித்து எங்கள் கான்ஃபரன்ஸான (அணிகளின் கூட்டமைப்பு) பிக் டென்னின் மேற்குப் பிரிவைக் கைப்பற்றியது! 2023 அக்டோபர் 30 அன்று, 6 வெற்றி 2 தோல்வி என்று நிற்கும்போது, பிரையனுக்கு இந்த சீசனோடு சரி என்று நிர்வாகம் அறிவித்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே.

எனக்கு அந்த 2023 அணி உயிர். நான்கைந்து டச்டவுன் அடித்து ஜெயித்த எத்தனையோ அணியைவிட அதை அதிகம் நேசித்தேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொலம்பஸ் ராகவன்

தம்பி, வெற்றி வெற்றிதான். பட்டியலில் W, L என்று இரண்டு எழுத்துதான் இருக்கிறது. அழகுக்கென்று மூன்றாவது பத்தி கிடையாது.

எங்கள் 2002 ஒஹாயோ ஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோச் ஜிம் டிரெஸ்ஸல். ஃபுட்பாலில் பன்ட்தான் ரொம்ப முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர். 14-0. அதில் பாதி ஆட்டம் ஏழு பாயிண்ட் அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தவை. பர்டூவில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் 6-3 என்று பின்தங்கி நிற்கிறோம். நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, ஒரு யார்டு வேண்டும். எல்லாரும் ஒரு யார்டுக்கு முட்டுவார்கள் என்று நினைத்தபோது கிரெக் கிரென்ஸல் நீளமாக எறிந்தார், மைக்கேல் ஜென்கின்ஸ் எண்ட் ஸோனில் பிடித்தார். 10-6. அந்த நாளில் எங்கள் ஆட்டம் நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு பிடி இல்லையென்றால், ஜனவரி 3 அன்று மயாமியை இரண்டு ஓவர்டைமில் 31-24 என்று சாய்த்த ஃபியஸ்டா பௌலும் (சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களில் ஒன்று) இல்லை, பட்டமும் இல்லை. கொலம்பஸில் அந்த சீசனைக் குறை சொல்கிற ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

யாரை ஜெயித்தோம் என்பது முக்கியம். அதை ஒப்புக்கொள்கிறேன். 2024-ல் நாங்கள் தேசியப் பட்டம் வாங்கினோம், நோட்ரே டேமை 34-23. அதற்கு ஏழெட்டு வாரம் முன்னால் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 தோற்றோம். கோச் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பு என்று ஊரே நின்றது. பட்டம் வந்த பிறகும் அந்த 13-10 என் வீட்டில் பேசக்கூடாத விஷயம்.

நித்யா (பர்டூ)

நான் ஆகஸ்டில்தான் இங்கே வந்தேன், ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை. பந்தைக் கொண்டுபோய் எதிரணிக்கே உதைத்துக் கொடுப்பதுதானே பன்ட்? அதை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறீர்கள்? விட்டுக்கொடுப்பது மாதிரி இல்லையா?

அயோவா சுந்தர்

நல்ல கேள்வி நித்யா. பத்து யார்டு நகர நான்கு வாய்ப்பு, அதுதான் டவுன். மூன்றில் முடியவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். பந்து எப்படியும் எதிரணிக்குத்தான் போகப்போகிறது. அவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

டோரி டெய்லர் என்று எங்களுக்கு ஒரு பன்ட்டர் இருந்தார். மெல்பர்ன் பையன், ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடி வளர்ந்தவர். அவர் உதைக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். பந்தைக் கையிலிருந்து விடும்போதே மூக்கு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். பந்து உயரப் போய், எதிரணியின் ஐந்து யார்டு கோட்டுக்குப் பக்கத்தில் செத்த மாதிரி விழும். இல்லையென்றால் தரையில் பட்டு, எண்ட் ஸோனுக்குள் ஓடாமல், வந்த வழியே திரும்பும். அதற்குள் எங்கள் ஆள் இரண்டு பேர் ஐம்பது யார்டு ஓடிவந்து, கோட்டைத் தாண்டவிடாமல் விரல் நுனியில் தட்டி நிறுத்துவார்கள். இப்போது எதிரணி முதுகுக்குப் பின்னால் நான்கு யார்டுதான். அரங்கம் எழுந்து நிற்கும். அடுத்து எங்கள் டிஃபென்ஸ் கோச் ஃபில் பார்க்கரின் ஆட்கள் உள்ளே வருவார்கள். மூன்று முறை முட்டிவிட்டு அவர்களும் உதைப்பார்கள், நாங்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை எடுப்போம். பந்தோடு பத்து யார்டு நகர்ந்து ஒரு முதல் டவுன்கூட எடுக்காமல் நாற்பது யார்டு சம்பாதித்திருப்போம்.

2023-ல் டெய்லர் உதைத்த மொத்த யார்டு 4,479. ஒரு சீசனுக்கு அதுதான் சாதனை, 1938-லிருந்து நின்றதை உடைத்தார். 'பன்ட் அடிப்பதே வெற்றி' என்று அச்சிட்ட டிஷர்ட் ஊரெல்லாம் விற்றது. இன்னொன்று, அவரும் நம்மைப் போல வெளிநாட்டு மாணவர், விசா விதியால் மற்ற வீரர்கள் மாதிரி விளம்பரக் காசு வாங்க முடியாது. டிஷர்ட் பணம் தொண்டுக்குப் போனது.

வெற்றி எல்லாக் கல்லூரிக்கும் கிடைக்கிறது ராகவன் சார். இந்த மாதிரி ஜெயிக்க எங்களால் மட்டும்தான் முடியும் என்று அந்த நாட்களில் தோன்றியது. ஒரு சின்ன மாநிலம், பெரிய பெயர் பெற்ற பையன்கள் வரமாட்டார்கள். இருக்கிறவர்களை வைத்துத் தவறு செய்யாமல் ஆடுவது, எதிரணி தவறு செய்யும் வரை காத்திருப்பது. அது எங்கள் ஊர் ஆட்டம்.

டலஹாசி பிரபு

நீங்களெல்லாம் ரசிகர்களுக்கு முக்கியமா என்று பேசுகிறீர்கள். எங்கள் அணியின் தலையெழுத்தையே இதை வைத்துத்தான் எழுதினார்கள்.

2023 ஃபுளோரிடா ஸ்டேட். 13-0. நவம்பர் 18 அன்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. டிசம்பர் 2, எங்கள் கான்ஃபரன்ஸான ஏசிசியின் இறுதி ஆட்டம், மூன்றாவது குவார்ட்டர்பேக்காக இருந்த புதுப் பையன் இறங்கினான். பாஸ் ஒன்றும் ஓடவில்லை. டிஃபென்ஸ் லூயிவில்லை ஒரு டச்டவுன் போடவிடாமல் நிறுத்தி 16-6 என்று முடித்தது. நான் பார்த்த ஆட்டங்களிலேயே மனதில் நிற்பது அதுதான். மறுநாள் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி எங்களை வெளியே விட்டுவிட்டு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே எடுத்தது. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றைத் தோல்வியே இல்லாமல் ஜெயித்த அணி நான்கு அணி பிளேஆஃபில் இடம் கிடைக்காமல் நின்றது அதுதான் முதல் முறை. டிராவிஸ் பையன், என் கால் சீசன் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி என்னை மட்டும் நம்பியது இல்லை என்று பார்த்திருப்பார்களே என்கிற மாதிரி எழுதினான். அதைப் படித்து அழுதேன்.

ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 தோற்றீர்களே என்று உடனே யாராவது வருவீர்கள். முன்னணி ஆட்கள் பாதிப் பேர் இறங்காத ஆட்டம் அது.

ஆக, எப்படி ஜெயித்தோம் என்று கேட்பது ரசிகன் கேட்டால் சரி. ஆட்டத்தை நடத்துகிறவர்கள் கேட்கக்கூடாது.

வால்வரின் வெங்கி

பிரபு, உங்கள் கோபம் நியாயம். 2014-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒஹாயோ ஸ்டேட் விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கியது, மூன்றாம் இடத்திலிருந்த டிசியூ அயோவா ஸ்டேட்டை 55-3 ஜெயித்தும் ஆறாம் இடத்துக்குப் போனது. அப்படிப்பட்ட தீர்ப்பு இருக்கும்போது எந்தக் கோச் கடைசி ஐந்து நிமிடம் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருவார்? பிளேஆஃப் பன்னிரண்டு அணி ஆன பிறகும் கமிட்டியின் கண் மாறிவிடவில்லை.

எங்கள் மிச்சிகன் கதைக்கு வருகிறேன். 2023 நவம்பர் 11, பென் ஸ்டேட் மைதானம், லட்சத்துக்கு மேல் கூட்டம். முந்தின நாள்தான் எங்கள் தலைமைக் கோச் ஜிம் ஹார்பாவை மூன்று ஆட்டத்துக்கு விலக்கிவிட்டார்கள். ஷெரோன் மூர் பொறுப்பேற்றார். இரண்டாம் பாதி முழுக்கப் பந்தை ஓடித்தான் எடுத்துப்போனோம். பாஸே எறியாமல் தொடர்ந்து 32 முறை ஓட்டம்! நாட்டின் மிகச் சிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரான மெக்கார்த்தி, பந்தை ஓட்டக்காரர் பிளேக் கோரமிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குவதையே வேலையாகச் செய்தார். என்ன வரப்போகிறது என்று பென் ஸ்டேட்டுக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. 24-15. சுந்தர் சொல்கிற மாதிரி, அழகில்லாத ஆட்டம் என்று மற்றவர் சொல்வது எங்களுக்குப் பேரழகு.

கொலம்பஸ் ராகவன்

ஹார்பாவை ஏன் விலக்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள் வெங்கி. சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள்.

வால்வரின் வெங்கி

சொல்கிறேன் சார், மறைக்க ஒன்றும் இல்லை. எதிரணி கோச்சுகள் ஓரத்தில் நின்று கையால் காட்டும் சைகைகளை ஆட்டத்தின்போது பார்த்துப் புரிந்துகொள்வது விதிப்படி சரி. ஆனால் அடுத்து ஆடப்போகும் அணியின் ஆட்டத்துக்கு ஆளை அனுப்பி நோட்டம் பார்ப்பதற்கு 1994-லிருந்தே தடை. எங்கள் ஊழியர் ஒருவர் பல ஊர் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கி, ஆட்களை உட்காரவைத்து, சைகைகளை ஃபோனில் படம்பிடிக்க வைத்தார். அவர் அக்டோபரில் வெளிப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் ராஜினாமா செய்தார். அதன்பிறகுதான் பென் ஸ்டேட், அதன்பிறகுதான் உங்களை 30-24, ரோஸ் பௌலில் அலபாமாவை ஓவர்டைமில் 27-20, வாஷிங்டனை 34-13. சைகை திருடு கையில் இல்லாமல் வந்த வெற்றிகள் இவை.

2025 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ பெரிய அபராதம் போட்டது. வெற்றிகளை அழிக்கவில்லை. அதற்கு முன் வருடமே கோச் வீரரோடு பேச ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது, சைகை திருடுவதற்கு வேலையே குறைந்துவிட்டது. ஆனாலும் முதல் பாதி சீசனைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் அடைக்கிறது. அந்த ஆட்டங்களை எப்படியும் ஜெயித்திருப்போம் என்று நம்புகிறேன். அதனால்தான் வேதனை. தேவையே இல்லாத ஒரு காரியம் ஒரு நல்ல அணியின் மேல் படிந்துவிட்டது.

உங்கள் 2010 சீசன் வெற்றிகள் முழுவதையும் ஒஹாயோ ஸ்டேட்டே பதிவேட்டிலிருந்து நீக்கியதே சார், மிச்சிகனை 37-7 என்று ஜெயித்தது உட்பட? அதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

கொலம்பஸ் ராகவன்

பச்சை குத்தும் கடையில் பையன்கள் தங்கள் சொந்தப் பொருளை விற்றார்கள். டிரெஸ்ஸல் தெரிந்தும் சொல்லவில்லை, பதவியை விட்டுப் போனார். அவர் செய்தது தப்பு. ஆனால் 37-7 நடந்தது. மைதானத்தில் நடந்ததை ஒரு காகிதம் போட்டு இல்லையென்று ஆக்க முடியாது. உங்கள் 2023-க்கும் அதே அளவுகோலைத்தான் வைப்பேன், மனசு ஒப்பாவிட்டாலும்.

டெக் கணேஷ்

இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்புகிறது. ஆடும் பாணி ஒன்று, விதி மீறல் இன்னொன்று. இரண்டையும் ஜார்ஜியா டெக்கில் பார்த்தவன் நான்.

பாணி: பால் ஜான்சன் 2008-லிருந்து 2018 வரை எங்கள் கோச். டிரிபிள் ஆப்ஷன், அதாவது மூன்று பேரில் யார் பந்தோடு ஓடுவது என்று அந்த நொடியில் முடிவு செய்கிற ஆட்டம். பாஸ் என்பதே அபூர்வம். 2014-ல் 11 வெற்றி, அவர்கள் ஊரான ஏதன்ஸுக்கே போய் ஜார்ஜியாவை ஓவர்டைமில் 30-24, ஆரஞ்சு பௌலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34. இருந்தும் "இது பழைய காலத்து ஆட்டம், ஆள் சேராது" என்று முணுமுணுப்பு ஓயவே இல்லை. அவர் ஓய்வு பெற்றதும் நவீன ஆட்டம் கொண்டுவருகிறேன் என்று ஜெஃப் காலின்ஸ் வந்தார். மூன்றரை வருடம் போல இருந்தார், 10 வெற்றி, 28 தோல்வி. பாணிக்காக ஏங்குகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

விதி: 1990. கொலராடோ மிசூரிக்குப் போய் ஆடியது. கடைசி நொடிகளில் கோட்டுக்கு ஒட்டி நிற்கும்போது நடுவர்கள் டவுன் எண்ணிக்கையை மாற்ற மறந்து, ஐந்தாவது வாய்ப்பு கொடுத்துவிட்டார்கள். நித்யா, நான்குதான் உண்டு என்று சுந்தர் சொன்னாரே. அந்த ஐந்தாவதில் டச்டவுன், 33-31. அந்த வருடம் கொலராடோ, செய்தி நிறுவனமான ஏபி நடத்தும் பத்திரிகையாளர் ஓட்டெடுப்பில் தேசியப் பட்டம் வாங்கியது. தோல்வியே காணாத எங்களுக்கு கோச்சுகள் ஓட்டெடுப்பில் ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் யூபிஐ (இன்னொரு செய்தி நிறுவனம்) பட்டம். பங்கு போட்டுக்கொண்டோம். எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அந்த ஐந்தாம் டவுனைச் சொல்லாமல் 1990-ஐப் பேசமாட்டார்கள்.

அதே தவறு 1940-லும் நடந்தது. கார்னெல், டார்ட்மத். கார்னெல் 18 ஆட்டமாகத் தோற்காத அணி. கடைசியில் ஐந்தாம் டவுனில் டச்டவுன் போட்டு 7-3. ஃபிலிமைப் போட்டுப் பார்த்தார்கள். நடுவரும் தவறை ஒப்புக்கொண்டார். கார்னெல் தந்தி அடித்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. இன்றைக்கும் பதிவேட்டில் டார்ட்மத் 3, கார்னெல் 0. அதைச் செய்யும்படி எந்த விதியும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

லிங்கன் மீனா

கணேஷ் பிரித்துச் சொன்னது நன்று. நெப்ராஸ்காவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், இந்த ஊரில் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள்.

1984 ஜனவரி 2, ஆரஞ்சு பௌல். நெப்ராஸ்கா 12-0, முதலிடம். மயாமியிடம் 31-17 பின்தங்கி, எட்டிப்பிடித்து, 48 நொடி பாக்கி இருக்கையில் டச்டவுன் போட்டு 31-30. அந்தக் காலத்தில் ஓவர்டைம் கிடையாது. ஒரு சாதாரண கிக் அடித்தால் டிரா, டிரா ஆனாலே பட்டம் அநேகமாக நமக்குத்தான். கோச் டாம் ஆஸ்போர்ன் கிக் வேண்டாம், பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய் ஜெயிப்போம் என்று இரண்டு பாயிண்டுக்குப் போனார். டர்னர் கில் எறிந்த பந்தை மயாமி ஆள் தட்டிவிட்டார். பட்டம் போனது.

1966-ல் நோட்ரே டேம் மிச்சிகன் ஸ்டேட்டோடு 10-10 என்று நிற்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டு டிராவோடு போனது, பட்டமும் வாங்கியது. இன்றுவரை அந்த ஆட்டத்தைப் பேசினால் அந்தக் கடைசி நிமிடத்தைத்தான் பேசுகிறார்கள். ஆஸ்போர்ன் பட்டத்தை இழந்தார். இந்த ஊர் அவரைத் தலையில் வைத்துக்கொண்டாடியது, பிறகு காங்கிரஸுக்கே அனுப்பியது.

பாணிக்காகக் கைவைத்து நொந்ததும் நாங்கள்தான். 2003-ல் ஃபிராங்க் சோலிச் 9-3 என்று ஜெயித்த சீசனில் அவரை நீக்கினார்கள். அடுத்தவர் ஆப்ஷனைத் தூக்கிப்போட்டு பாஸ் ஆட்டம் கொண்டுவந்தார். 2004-ல் 5-6, 1961-க்குப் பிறகு முதல் முறையாகத் தோல்விக் கணக்கில் முடிந்தது. 2014-ல் போ பெலினியை நீக்கியபோதும் 9-3தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1995 அணியைப் பலர் வரலாற்றிலேயே சிறந்தது என்பார்கள். ஃபியஸ்டா பௌலில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடாவை 62-24. அந்த சீசனில் எங்கள் ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுகிறவர்) ஒருவர் முன்னாள் காதலியைத் தாக்கிக் கைதானார். அந்தப் பெண்ணும் இதே பல்கலைக்கழக வீராங்கனை. அந்த ரன்னிங்பேக்கை ஆறு ஆட்டம் நிறுத்திவைத்துவிட்டு ஆஸ்போர்ன் திரும்ப எடுத்தார், இறுதி ஆட்டத்தில் அந்தப் பையன் 165 யார்டு ஓடினார். பையனைக் கைவிட்டால் அழிந்துவிடுவான் என்று நினைத்தேன் என்பது ஆஸ்போர்னின் பக்கம். அதே மனிதர்தான், 1984-ல் டிராவை மறுத்த அதே மனிதர். பிளேயைத் தேர்ந்தெடுப்பதில் இருந்த நேர்மை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஃபியஸ்டா பௌல் படம் டிவியில் ஓடினால் நான் எழுந்து போய்விடுவேன்.

அயோவா சுந்தர்

மீனா அக்கா, இதற்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. பன்ட்டும் பாஸும் இதற்குப் பக்கத்தில் வைக்கிற விஷயமே இல்லை. சொன்னதற்கு நன்றி.

கொலம்பஸ் ராகவன்

1995 பற்றி மீனா சொன்னதோடு வாதாடமாட்டேன். அது ஆட்டத்தைத் தாண்டிய விஷயம்.

ஆனால் 1984-க்கு ஒரு கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்லுங்கள் மீனா. அன்று கிக் அடித்து, 31-31 ஆகி, பட்டம் வந்திருந்தால், லிங்கனில் யாராவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருப்பார்களா?

லிங்கன் மீனா

திருப்பிக் கொடுத்திருக்கமாட்டார்கள் ராகவன் சார். ஊர்வலம் போயிருப்பார்கள், வருடத்தைச் சுவரில் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த அணியைப் பற்றி, அன்று பிறந்திருக்காத பிள்ளைகள்கூட என்னிடம் இப்படிப் பேசியிருக்கமாட்டார்கள். என் பெண்ணின் பள்ளியில் ஒருவன் அந்த இரண்டு பாயிண்ட் பிளேயை நோட்டில் வரைந்து காட்டுகிறான். 1994-ல், 95-ல், 97-ல் பட்டம் வந்தது. அந்த ஆட்டங்களில் எதையும் அவன் வரையவில்லை.

கொலம்பஸ் ராகவன்

அந்தப் பையன் பட்டம் வராத காலத்தில் வளர்கிறான், அதனால் தோல்வியை வரைகிறான். நான் அந்த கிக்கை அடித்திருப்பேன். இதில் நாம் ஒத்துப்போக முடியாது மீனா, பரவாயில்லை.

நித்யா (பர்டூ)

ராகவன் சார், நீங்கள் சொன்ன அந்த 10-6 ஆட்டத்தைப் பற்றி என் லேபில் இருக்கும் சீனியரிடம் கேட்டேன். இங்கேயே வளர்ந்தவர். முகம் மாறிவிட்டது. "அன்று எங்கள் டிஃபென்ஸ் ஐம்பத்தெட்டு நிமிடம் ஒஹாயோ ஸ்டேட்டைக் கட்டிப்போட்டது, அதை யாரும் சொல்லமாட்டார்கள்" என்றார். சனிக்கிழமை அவரோடு எங்கள் ராஸ்-ஏட் ஸ்டேடியத்துக்குப் போகிறேன். பன்ட் வரும்போது எழுந்து நிற்கலாமா என்று கேட்டுக்கொண்டேன், நிற்கலாம் என்றார்.